அரசர் குறி வைத்த மரம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கு வேலை மாற்றி வந்து காரைப் பதிவு செய்தபோது கொடுத்த நம்பர் பிளேட்டில், ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார். “என்னடா, கவர்மெண்டே மிரட்டுது?”

ஜான் ஸ்டார்க் என்ற அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதி 1809-ல் எழுதி அனுப்பிய வாழ்த்து அது. பிளேட்டில் ஏறியது 1971-ல். பிளேட்டுகளைச் செய்வது மாநிலச் சிறைக் கைதிகள் என்று சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார்.

சும்மா வாசகம் மட்டும் இல்லை. 18 வயது தாண்டியவர் சீட் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவிலேயே இந்த ஒரு மாநிலத்தில்தான் இல்லை. சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, விற்பனை வரியும் கிடையாது. (வீட்டு வரி ரசீது வரும்போதுதான் தலை சுற்றும்.)

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? எனக்குப் பதில் மாதிரி தெரிவது ஒரு மரக்கதை. இது பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில், அவர்களுடைய போர்க்கப்பல்களின் பாய்மரத்துக்கு இங்குள்ள வெள்ளைப் பைன் வேண்டியிருந்தது. ஓர் அடிக்கு மேல் குறுக்களவு இருந்தால் அது அரசர் சொத்து. ஆள் வந்து கோடாரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி போட்டுவிட்டுப் போவான். அப்புறம் உன் நிலத்து மரத்தில் நீ கைவைத்தால் அபராதம். 1772-ல் வேர் என்ற ஊரில் அபராதம் கட்ட மறுத்த ஒருவரைப் பிடிக்க ஷெரிஃப் வந்து விடுதியில் தங்கினார். விடிவதற்குள் முகத்தில் கரி பூசிய கும்பல் புகுந்து, மிலாறால் விளாசி, குதிரைகளின் காதையும் பிடரியையும் வாலையும் நறுக்கித் துரத்திவிட்டது. பாவம், குதிரைகள் என்ன செய்தன!

அந்த நிலமும் அபெனாக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பறிபோனதுதான். அதை ஏனோ இங்கே யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

வேர் அடிதடி நடந்து நான்கே வருடத்தில், 1776 ஜனவரியில், மற்றக் காலனிகளுக்கு முன்னால் தனக்கென அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது நியூ ஹாம்ப்ஷயர். 1784-ல் வந்த சட்டத்தின் பத்தாவது பிரிவோ, அரசு கெட்டுப்போய் வேறு வழியில்லை என்றால் மக்கள் அதை மாற்றலாம், மாற்றவும் வேண்டும் என்கிறது.

இதைத் தனிமனித வாதம் என்கிறார்கள். தனியாக இருக்கும் ஆசையை விட, மேலேயிருந்து ஒருவன் வந்து குறி வைக்கக்கூடாது என்ற எரிச்சல்தான் எனக்கு அதில் அதிகம் தெரிகிறது. மார்ச்சில் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். ஓட்டு இல்லாத எங்களுக்கு ஓரமாக நாற்காலி. தீயணைப்பு வண்டி வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் வாக்குவாதம். சீட் பெல்ட்டைத் தொடவே தொடாத என் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, “வாங்கியே ஆகணும், என் வரி ஏறினாலும் பரவாயில்லை” என்றார். கார்டுகள் உயர்ந்தன, எண்ணினார்கள், தீர்மானம் நிறைவேறியது.

முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த அப்பா மேடையையே துழாவிக்கொண்டிருந்தார். என் காதருகே குனிந்து, “அது சரி, இதுல தாசில்தார் யாரு?” என்றார். “யாரும் இல்லைப்பா” என்றேன். அவர் நம்பவில்லை.