விறாந்தையில் 30 புளியங்கொட்டைகள்: பாரிசவாதத்தின் பின் என் நடை திரும்பிய விதம்

வைத்தியசாலைக் கட்டிலின் விளிம்பில் என்னை முதன்முதலாக உட்காரவைத்தபோது நான் நேராக இருப்பதாகவே நம்பினேன். இயன்மருத்துவராகிய அந்த இளம்பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சேர், இடப்பக்கம் சரியிறீங்கள்" என்றார். நான் இல்லை என்று வாதிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் திருகோணமலைப் பாடசாலைகளில் கேத்திரகணிதம் படிப்பித்தவனுக்குச் செங்குத்து எதுவென்று தெரியாதா என்ற எண்ணம் எனக்கு. அவர் மறுத்துப் பேசவில்லை. எதிரே இருந்த கதவின் நிலையைக் காட்டி, அந்த நெடுமரத்துக்கு ஒப்பாக என் உடல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நிலை நேராக நின்றது, நான்தான் சரிந்திருந்தேன். போதாததற்கு, என் வலது கை கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு என்னை இடப்புறமாகத் தள்ளிக்கொண்டும் இருந்தது.

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், மூளையின் வலப்பக்க இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டதால் என் இடது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் வாசிப்பும் தப்பின. ஆகையால் வீடு திரும்பியதும் மகளின் உதவியோடு இந்நோய் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். முதலில் தேடியது அந்தச் சரிவைப் பற்றித்தான். ஜெர்மனியைச் சேர்ந்த கார்நாத் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், என்னைப் போலத் தள்ளும் நோயாளர்களைக் கண்ணுக்கு எதுவும் தெரியாதபடி ஒரு சாயும் இருக்கையில் அமர்த்திச் சோதித்திருக்கிறார்கள். உடல் ஏறத்தாழ 18 பாகை சரிந்திருக்கும்போதே தாம் நேராக இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர். அதேவேளை, கண்ணால் பார்த்துச் செங்குத்துக் கோட்டை இனங்காணும் ஆற்றல் அவர்களிடம் கெடாமல் இருந்தது. உடலின் உணர்வு பிழைத்தாலும் கண் பிழைக்கவில்லை என்பதால், கதவு நிலை, சன்னல் கம்பி, தூண் ஆகியவற்றைப் பார்த்து உடலைத் திருத்தப் பழக்குகிறார்கள். வலது கையைச் சட்டத்திலிருந்து எடுத்து மடியில் வைக்கும்படி இயன்மருத்துவர் ஓயாமல் சொன்னதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறாவது கிழமையளவில் அந்தத் தள்ளல் மறைந்தது.

முதல் நாளிலேயே என்னைத் தூக்கி நடக்கவைக்க வேண்டுமென்று பார்க்க வந்த உறவினர்கள் வற்புறுத்தியதை இங்கே சொல்ல வேண்டும். படுத்தால் கால் அப்படியே போய்விடும் என்பது ஊரில் பரவலாக உள்ள அச்சம். தாதியர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 5 நாடுகளில் 56 வைத்தியசாலைகளில் 2,104 பேரை உள்ளடக்கிய அவேர்ட் என்ற ஆய்வு 2015இல் வெளியானது. முதல் 24 மணித்தியாலங்களுக்குள் எழுப்பி, அடிக்கடியும் கூடுதலாகவும் பயிற்சி கொடுத்தவர்களில் 46 வீதமானோர் மூன்று மாத முடிவில் நல்ல நிலையில் இருந்தனர். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் 50 வீதமானோர் அந்நிலையை எட்டினர். அவசரம் நன்மை தரவில்லை. சற்றுக் கெடுதலே செய்தது. கட்டிலிலேயே கிடத்திவைக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. தொடக்க நாட்களில் சிறிது நேரம், பல தடவை என்பதே உகந்ததென்று அதே தரவுகளின் பிந்திய பகுப்பாய்வு கூறுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னை உண்மையில் கலங்கவைத்தது கொப்பன்ஹேகன் ஆய்வு. நடையின் மீட்சி 95 வீதமான நோயாளர்களில் முதல் 11 கிழமைகளுக்குள் முடிந்துவிடுகிறது என்று 1995இல் அங்கிருந்து எழுதினார்கள். நான் நாட்காட்டியில் எண்ணினேன். ஐந்து கிழமைகள் போய்விட்டிருந்தன. அந்த நேரத்தில்தான் வெளியூரிலுள்ள தனியார் நிலையமொன்றைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னார். உடலைப் பட்டியால் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடத்துவார்களாம், மூன்று மாதத்தில் நடக்கலாமாம். அவர்கள் கேட்ட பணத்துக்கு நிலாவெளியில் மனைவிக்குச் சீதனமாக வந்த காணியை ஈடுவைக்க வேண்டியிருந்தது. மனைவி அதற்கு ஆயத்தமாகவே இருந்தாள். காணி உறுதியை எடுத்து மேசைமேல் வைத்தும் விட்டாள்.

அன்றிரவு மகள் லீப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வை வாசித்து எனக்கு விளக்கினாள். பமீலா டங்கன் என்பவரின் தலைமையில் நடந்து 2011இல் வெளியான அந்த ஆய்வில் 408 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டாம் மாதத்திலும் இன்னொன்றுக்கு ஆறாம் மாதத்திலும் அதே பட்டியும் ட்ரெட்மில்லும். மூன்றாவது குழுவினருக்கு இயன்மருத்துவர் வீட்டுக்கே சென்று, பலத்துக்கும் சமநிலைக்குமான எளிய பயிற்சிகளைக் கொடுத்தார். ஓராண்டு முடிவில் பங்கேற்றோரில் 52 வீதமானோரின் நடை ஒரு படி உயர்ந்திருந்தது. குழுக்களிடையே வேறுபாடு இல்லை. மிகவும் தளர்ந்த நடையோடு இரண்டாம் மாதத்திலேயே இயந்திரத்தில் ஏறியவர்கள் பலமுறை விழுந்ததுகூட அதிகமாகவே இருந்தது. எனக்கு இன்னொரு ஆறுதலும் அதில் கிடைத்தது: ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும் முன்னேறியிருந்தார்கள். அப்படியானால் பதினோராவது கிழமையோடு கதவு அடைபடுவதில்லை. காணி உறுதி அலுமாரிக்குத் திரும்பியது.

இதை வாசித்துவிட்டு, வைத்தியரும் வேண்டாம், நாங்களே வீட்டில் பார்த்துக்கொள்வோம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளர்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட அட்டெண்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரைக் கொண்டே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சிகளைச் செய்வித்தார்கள். ஆறு மாதங்களின் பின் இறந்தோரும் பிறரில் தங்கியிருந்தோரும், அப்பயிற்சி பெற்ற குழுவிலும் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற குழுவிலும் 47 வீதமாகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு மட்டும் பயிற்சியாகிவிடாது என்பது என் அனுபவமும்கூட. மனைவி என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோதெல்லாம் நான் அவள்மேல்தான் சாய்ந்தேன். இடது கால் சும்மா இருந்தது. எனவே கிழமைக்கு இருமுறை ஓட்டோவில் வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போவதென்றும், அங்கே திருத்தித் தந்ததை மட்டும் வீட்டில் செய்வதென்றும் ஒழுங்கு வைத்துக்கொண்டோம்.

முதல் இரண்டு மாதங்கள் நாங்கள் நடக்கவே பழகவில்லை என்று சொன்னால் மிகையாகாது, நிற்கத்தான் பழகினோம். எடை பார்க்கும் தராசுகள் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தை ஊன்றி, விறாந்தைத் தூணைப் பார்த்தபடி நிற்பேன். என் நிறை 68 கிலோ. முதல் நாள் வலத் தராசு 50 காட்டியது, இடது 18. இரண்டு கால்களிலும் சமமாக நிற்பதாகத்தான் அப்போதும் எனக்குப் பட்டது. அந்த இரண்டு முட்களையும் நேரில் கண்ட பிறகே, "இடது காலில பாரத்தைக் குடுங்கோ சேர்" என்ற சொல்லின் கனம் எனக்குப் புரிந்தது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புவது, இடது காலைச் சற்றுப் பின்னிழுத்து வைத்துக்கொண்டு எழும்புவது, அலுமாரித் தட்டிலிருக்கும் சுண்ணக்கட்டியை இடப்புறமாக எட்டி எடுப்பது என்று நாள் முழுவதும் இதே வேலைதான். ஆவணி பிறந்தபோது முட்கள் 38, 30 என்று நின்றன. அதன் பிறகு நடை தானாகவே கூடிவந்தது.

எத்தனை அடி நடந்தால் போதும் என்பதற்கு எவரும் திட்டமான விடை தரவில்லை. கதரின் லாங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 2009இல் சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணியபோது, நடைப்பயிற்சி கொடுத்த ஓர் அமர்வில் நோயாளர் சராசரியாக 357 அடிகளே வைத்திருக்கிறார்கள். மூளை ஒரு வேலையை மறுபடி பழகுவதற்கு அது மிகக் குறைவு என்பது அவர்களுடைய கவலை. நான் அதைத் தாழ்ந்த எல்லையாக எடுத்துக்கொண்டேன். எங்கள் விறாந்தையின் நீளம் என் நடையில் 14 காலடி. ஒரு முனையில் கிண்ணமொன்றில் 30 புளியங்கொட்டைகள், மறுமுனையில் வெறுங்கிண்ணம். நீளத்தை ஒருமுறை கடந்தால் பேரன் ஒரு கொட்டையை மாற்றிப் போடுவான். கொட்டைகள் தீர்ந்தால் 420 அடி. காலையில் ஒருமுறையும் கச்சான் காற்றின் வெக்கை தணிந்த பின் மாலையில் ஒருமுறையுமாகத் தொடங்கி, புரட்டாதியில் ஒரு நாளைக்கு நான்கு கிண்ணங்கள் வரை போனேன். பெருவிரல் தரையில் உரசாமலிருக்க, பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியொன்றைப் போட்டிருந்தேன். ஊன்றுகோல் வலது கையில் இருந்தது. பலமற்ற பக்கத்தில்தான் தடி வேண்டுமென்று வழியில் காண்போர் சொல்வார்கள், அது பிழை.

ஒன்பதாவது கிழமையில் கிணற்றடியில் விழுந்தேன். ஈரமான சீமெந்துத் தரை, அணிந்திருந்தது பின்வாரில்லாத செருப்பு. மனைவி கூப்பிட்டாள் என்று இடப்புறமாகச் சட்டெனத் திரும்பினேன். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் பத்து நாட்கள் விறாந்தைக்கே போகத் துணியவில்லை. இங்கிலாந்தில் வீடு திரும்பிய 108 பாரிசவாத நோயாளர்களைத் தொடர்ந்து பார்த்த 1995ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 73 வீதமானோர் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். விழுவது அரிதன்று என்றால் எழும்பவும் பழகியிருக்க வேண்டும். வலப்புறமாகப் புரண்டு, முழங்கையூன்றி, முழந்தாளில் நின்று, கதிரையின் இருக்கையைப் பிடித்து வலது காலை முன்னே வைத்து எழும்புவதை இயன்மருத்துவர் பாயில் படுக்கவைத்துக் கற்பித்தார். இதை விழுமுன்னரே கேட்டுக் கற்றிருக்க வேண்டும் என்பதை என்னைப் போன்ற எல்லோரிடமும் மன்றாடிச் சொல்வேன். திரும்பும்போது ஒரே சுழற்சியாகத் திரும்பாமல் நான்கைந்து சிறு அடிகளாகத் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மாதமொருமுறை வாசலிலிருந்து அடுத்த வீட்டு முருங்கை வரை 10 மீற்றரைச் சுண்ணக்கட்டியால் அளந்து, மகள் நேரம் பிடிப்பாள். ஆவணியில் 40 செக்கன், அதாவது செக்கனுக்கு 0.25 மீற்றர். 0.4க்குக் கீழானோர் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர்கள், 0.8 வரையானோர் வெளியே ஓரளவு நடப்பவர்கள், அதற்கு மேல் வெளியுலகில் தாராளமாக நடப்பவர்கள் என்று ஜக்குலின் பெர்ரி என்ற அமெரிக்க வைத்தியரும் குழுவினரும் 1995இல் வகுத்தார்கள். வீதியைக் கடக்கும்போது அந்த எண்களின் பொருள் தெரியும். ஐப்பசியில் 17 செக்கன் வந்தது. பிறகு வாடையும் மழையும் தொடங்கி, உவர்மலையின் சரிவான ஒழுங்கைகள் பாசிபிடித்து வழுக்கியதால் தை வரை விறாந்தைதான். பங்குனியில் 12 செக்கன்.

இதற்கிடையில் இன்னொன்றைக் கவனித்தேன். ஒழுங்கையில் பழைய மாணவர் எவராவது, "சேர், எப்பிடிச் சுகம்?" என்று கேட்டால் என் கால் நின்றுவிடும், நின்றுதான் விடை சொல்ல முடிந்தது. பேசத் தொடங்கினால் நடையை நிறுத்துகிற முதியவர்கள் விழும் வாய்ப்புக் கூடியவர்கள் என்று 1997இல் சுவீடனில் கண்டிருக்கிறார்கள். என் நடைக்கு இன்னும் முழுக்கவனமும் தேவைப்பட்டது என்பதே அதன் பொருள். ஆகவே கிண்ணங்களில் ஒன்றைப் பேரனுக்கு வாய்பாடு சொல்லிக்கொண்டே நடப்பதற்கென ஒதுக்கினேன். பதின்மூன்றாம் வாய்பாட்டில் கால் தடுமாறும், ஏழாம் வாய்பாட்டில் தடுமாறாது.

இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சமநிலையை 14 செயல்களால் அளந்து 56 புள்ளிகள் வரை கொடுக்கும் பேர்க் அளவுகோலில் தொடக்கத்தில் 9 எடுத்தவன், சென்ற கிழமை 47 எடுத்தேன். இழந்த புள்ளிகளில் இரண்டு, ஒற்றைக்காலில் நிற்கும் கடைசிச் செயலுக்குரியவை. பத்துச் செக்கனுக்கு மேல் நிற்க வேண்டும், இடது காலில் எனக்கு நான்குதான் வருகிறது. டச்சுக் குடாவின் மணலில் ஊன்றுகோல் புதைவதால் கடற்கரைக்கு இன்னும் துணையோடுதான் போகிறேன். தினமும் காலையில் கதவு நிலைக்கு எதிரே நின்று, அதன் நெடுமரத்தைப் பார்த்தபடி வலது காலைத் தூக்குகிறேன். மனைவி பக்கத்தில் நின்று, தொடாமல், செக்கன்களை எண்ணுகிறாள்.