முறிந்த தாடையும் ஆயுட்கால உத்தரவாதமும்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் என் மாமா வீட்டுக் கார் கொட்டகையில் காவடி கட்டிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளாக என் இடுப்பில் தொங்கிய மல்டிடூலின், அதாவது குறடும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கைக்கருவியின், தாடை முறிந்தது. அன்று மாலை முழுவதும் கட்டுக்கம்பியை அதனால்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன். மரச் சட்டத்தோடு வளைவைப் பிணைக்க அந்த மெல்லிய கம்பியே போதும்; கருவிக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. பிறகு மாமா, பழைய மெத்தை ஒன்றின் ஸ்பிரிங்கை நீட்டியெடுத்த கம்பியைக் கொண்டுவந்தார். அதன் நுனியில் மயிற்பீலியைக் கட்டினால், காவடி எடுப்பவர் நடக்க நடக்கப் பீலி தானாக ஆடும் என்பது அவருடைய யோசனை. "தம்பி, இத நாலு துண்டா வெட்டிக் குடு" என்றார்.

முதல் துண்டே விழவில்லை. கைப்பிடிகளை இரண்டு கைகளாலும் சேர்த்து நெரித்தேன். டக்கென்று ஓர் ஓசை கேட்டது. கம்பி அப்படியே இருந்தது. வெட்டுவாய்க்கு முன்னால் உள்ள தாடைப் பகுதி மட்டும் ஒருபக்கம் காணாமற்போய்விட்டது. செண்டுமல்லிக் குவியலைக் கலைத்து அந்தத் துண்டைக் கண்டெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மாமா வருத்தப்பட்டார் என்பது உண்மைதான், ஆனாலும் பீலி எப்படி ஆடப்போகிறது என்பதுதான் அவருடைய பெரிய கவலையாக இருந்தது. கடைசியில் மூங்கில் சிம்பில் கட்டினார். நன்றாகவே ஆடியது.

நான் டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு கருவிப்பெட்டியைத் தேடமுடியாத வேலை அது. அதனால் இந்தக் கருவியின் அருமையும் தெரியும், அதன் வரம்பும் தெரியவேண்டும். தெரிந்திருந்தும் நெரித்தேன் என்பதுதான் வெட்கம்.

மடக்குக் கத்தியோடு குறட்டைச் சேர்க்கவேண்டும் என்ற எண்ணத்துக்கே ஒரு வண்டிப் பயணம் காரணம் என்பார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மேன் 1975ஆம் ஆண்டில் மனைவியோடு ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஒரு பழைய ஃபியட் காரில் சுற்றியபோது, கையிலிருந்த மடக்குக் கத்தியால் எல்லாம் செய்யமுடிந்தது, பிடித்துத் திருகுவதைத் தவிர. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் மாதிரிகளைச் செய்துபார்த்து, 1983இல் நண்பர் ஸ்டீவ் பெர்லினரோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் அதற்கு நூறாண்டு மூத்தது; கார்ல் எல்ஸ்னர் 1884இல் ஆரம்பித்த கத்திப் பட்டறை அது. இன்று முன்னவர் தம் கருவிகளுக்கு 25 ஆண்டும், பின்னவர் மின்னணுப் பாகங்கள் நீங்கலாக ஆயுட்காலமும் உத்தரவாதம் தருகிறார்கள். என்னுடையது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. பெயர் இங்கே தேவையில்லை. அதன் பெட்டியிலும் "ஆயுட்கால உத்தரவாதம்" என்றுதான் அச்சிட்டிருந்தது. யாருடைய ஆயுள் என்று மட்டும் எழுதவில்லை.

முறிவுக்கு வருவோம். என் கருவியில் அச்சாணியிலிருந்து கை நெரிக்கும் இடம் சுமார் 8 சென்டிமீட்டர். வெட்டுவாய் சுமார் 1 சென்டிமீட்டர். கையால் 30 கிலோ அழுத்தினால் கம்பியின்மேல் 240 கிலோ இறங்குகிறது. இரண்டு கைகளால் நெரித்தால் அதையும் தாண்டும். கட்டுக்கம்பி மென்மையான எஃகு என்பதால் அந்த அழுத்தம் முழுமையாக ஏறுவதற்குள்ளேயே துண்டாகிவிடும். ஸ்பிரிங் கம்பியோ கரியளவு கூடுதலான எஃகை இழுத்திழுத்து இறுக்கியது. கட்டுக்கம்பியைவிட நான்கைந்து மடங்கு வலிமை அதற்கு உண்டு. அதை வெட்டவேண்டிய வாய் அதைவிடக் கடினமாக இருக்கவேண்டும். ஆனால் மடக்கிப் பையில் போடும் குறட்டின் தாடையை அவ்வளவு கடினமாக்கினால், கீழே விழுந்தாலே கண்ணாடிபோல் உடையும். கத்திக்கு வேண்டியது கடினம், குறட்டுக்கு வேண்டியது உடையாமல் தாங்கும் உறுதி. இரண்டும் ஒரே எஃகில் முழுதாகக் கிடைப்பதில்லை என்பது, இரும்புக்குப் பதம் பார்க்கும் எந்தக் கொல்லருக்கும் தெரிந்த செய்தி. சில தயாரிப்பாளர்கள் இதற்காகவே வெட்டுவாயை மட்டும் வேறு எஃகில் தனித்துண்டாகச் செய்து, மழுங்கினால் கழற்றி மாற்றிக்கொள்ளும்படி ஸ்க்ரூவில் பூட்டுகிறார்கள். என்னுடைய பழைய கருவியில் அந்த வசதி இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு எதிரியும் உண்டு. "ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் துருப்பிடிக்கிறது?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வீட்டு எவர்சில்வர் டம்ளரில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும்; அது துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கத்திக்கும் குறட்டுக்கும் பயன்படும் எஃகில் குரோமியம் 13 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். கடினத்துக்காகச் சேர்க்கும் கரி அந்தக் குரோமியத்திலும் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கும் காவலுக்கு மிஞ்சுவது குறைவு. டர்பன் கடற்காற்றில் உள்ள உப்பு அந்த மெல்லிய காவலைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. மீன் கிடங்கின் உப்புநீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் வெள்ளிக்கிழமைதோறும் கருவியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஆயாவின் பழைய தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை மூட்டுகளில் ஒரு சொட்டு விடுவது வழக்கம். இருந்தாலும் வெட்டுவாயின் மூலையில், எண்ணெய்த் துணி எட்டாத இடத்தில், ஊசிமுனையளவு கருப்புப் புள்ளிகள் இருந்தன.

மறுநாள் காலை, பூச்சி பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்றைக் கடன் வாங்கி முறிந்த முகத்தைப் பார்த்தேன். பாதி பளிச்சென்று வெள்ளியாக, சர்க்கரையைப்போல் பொடிமணி தெரிந்தது. அன்று மாலை புதிதாகப் பிளந்த பகுதி அது. மற்றப் பாதி, ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பிறைநிலா வடிவில், பழுப்பாக இருந்தது. இரவு ஒன்றில் அவ்வளவு துருப்பிடிக்காது. ஆகவே அந்த விரிசல் பல மாதங்களாக அங்கே இருந்து, உப்புக் காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. நானும் மெத்தைக் கம்பியும் சேர்ந்து மீதியை முடித்துவைத்தோம். தாடை முறிந்தால் உடனே துண்டைத் தூக்கி எறியாதீர்கள், துடைக்கவும் செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முறிவு எப்படி நடந்தது என்பதற்கு அந்த முகத்தைவிட நல்ல சாட்சி வேறில்லை.

அடுத்து உத்தரவாதம். தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2011இல். அதன் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்குத்தான். கடைக்காரர்கள் இதை அவ்வளவு விருப்பத்தோடு நினைவுபடுத்துவதில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு பழைய கருவிக்கு இச்சட்டம் துணைக்கு வராது; தயாரிப்பாளர் தாமாகக் கொடுத்த வாக்குறுதி மட்டுமே கையில் இருக்கும். அந்த வாக்குறுதியோ மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்கு மட்டும். தவறான பயன்பாடு, மாற்றியமைத்தல், சாதாரணத் தேய்மானம் ஆகியவை சேராது என்ற வாசகத்தைச் சிறிய எழுத்தில் அநேகமாக எல்லோரும் வைத்திருக்கிறார்கள். என் முறிவு அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு முன் பில். கோட்டில் எந்தப் பக்கம் என்பதற்கு முன்பே, நான் அதை வாங்கினேன் என்பதைக் காட்டவேண்டுமல்லவா? பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், கருவி வந்த பெட்டிக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறையில். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். வெப்பத்தில் அச்சாகும் அந்த வகைத் தாளில் எழுத்து வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் மங்கிவிடும். டர்பன் கோடையில் தகரக் கொட்டகை அலமாரிக்குள் பன்னிரண்டு கோடைகள் அதற்குத் தாராளம். ஆயுட்கால உத்தரவாதத்துக்குச் சாட்சியாக மூன்றாண்டுகூடத் தாங்காத ஒரு தாளைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்து நான் சற்று நேரம் சிரித்தேன். நல்லவேளையாக, வாங்கிய மாதத்தின் வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியிலிருந்து மறுபடி வாங்க முடிந்தது.

தயாரிப்பாளரின் உள்நாட்டு முகவர் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறார். உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பி, திரும்பும்போது சுங்கத்தில் அது புதுப்பொருள் அல்ல என்று விளக்கிக்கொண்டு நிற்கவேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை என்பதே பெரிய நிம்மதி. கருவியையும் துண்டையும் தனித்தனியே சுற்றி, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கூரியரில் அனுப்பினேன். மெத்தைக் கம்பியை மறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: தவறான பயன்பாடு, உத்தரவாதத்தில் சேராது. நான் பிறைநிலாப் பழுப்பின் படத்தைப் பூதக்கண்ணாடி வழியாகக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பி, விரிசல் அந்த மாலைக்கு முன்பே இருந்தது என்று எழுதினேன். இந்த முறை பதில் எழுதியவர் கருவியை உண்மையிலேயே கையில் எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். விரிசல் பழையது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கைப்பிடியின் முதுகில் சுத்தியல் தடம் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பனி உறைந்த விசிறியின் நட்டு ஒன்று அசையவில்லை என்று, அதைக் குறட்டால் கவ்வியபடி கைப்பிடியில் இரண்டு அடி அடித்தேன். நட்டு கழன்றது. அன்றைக்கே விரிசல் விழுந்ததா, வார்ப்பிலேயே ஒரு குறை இருந்ததா என்பதை அந்தப் பழுப்பு நிறம் பிரித்துச் சொல்லாது. அடித்ததை ஒப்புக்கொண்டு எழுதினேன். இதற்குமேல் அவரோடு வாதாட எனக்கு முகமில்லை.

அப்போது அவர் சொன்ன யோசனைதான் இந்தப் பதிவை எழுதவைத்தது. என் கருவியின் அச்சாணி, கழற்றமுடியாதபடி தலையை நசுக்கி மூட்டும் ரிவிட் அடித்தது அல்ல; நட்சத்திரத் தலை ஸ்க்ரூ போட்டது. ஆகவே அதைக் கழற்றி, புதுக் குறட்டுத் தலையை மட்டும் பூட்டலாம். உத்தரவாதத்தில் அல்ல, காசுக்கு. கூரியரையும் சேர்த்து 460 ராண்டு ஆயிற்று. அதேபோன்ற புதுக் கருவியின் விலையில் கால்பங்குகூட இல்லை. ரிவிட் அடித்த கருவியாக இருந்திருந்தால், உத்தரவாதத்தை ஏற்றால் புதிது, மறுத்தால் குப்பை என்று இரண்டே வழிகள். இனிமேல் யாராவது என்னிடம் எந்த மல்டிடூல் வாங்கலாம் என்று கேட்டால், பெட்டியில் எத்தனை ஆண்டு போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அச்சாணியைத் திருப்பிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கழற்றமுடிந்த கருவிக்கு உத்தரவாதம் தீர்ந்தபின்னும் ஒரு வழி இருக்கும். குறைந்தபட்சம் திறந்து உப்பையாவது கழுவலாம்.

திரும்பி வந்தபோது கைப்பிடிகள் என்னுடையவையே. பெயிண்ட் கறை, சுத்தியல் தடம் எல்லாம் அப்படியே. நடுவில் புதுத் தாடை மட்டும் மாப்பிள்ளை போலப் பளபளவென்று நின்றது. அச்சாணியை அளவுக்குமேல் இறுக்கியிருந்தார்கள், ஒருகையால் திறக்கமுடியவில்லை. கால் சுற்றுத் தளர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது. மேற்சொன்ன அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது பொருத்திய புதுப் பாகத்துக்கும் அதற்கான வேலைக்கும் குறைந்தது மூன்று மாதப் பொறுப்பைப் பழுதுபார்ப்பவர்மேல் வைக்கிறது. அதற்கான ரசீதும் பொட்டலத்துக்குள் இருந்தது. அதுவும் அதே வகைத் தாள்தான். சமையலறை மேசையில் விரித்துவைத்து, எழுத்து இருக்கும்போதே படமெடுத்து, மாமாவின் கைப்பேசிக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.