ஹைலக்ஸுக்குப் போட்ட நாலாவது பெற்றோல் பம்ப்

பின்னால் டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் தள்ளும் பம்பை மறுபடி மாற்றி இன்றோடு ஐந்து வாரம், வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவிசாவளைக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. போன சனிக்கிழமை மத்தியான வெயிலில், காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்தேன். மூன்றாவது பம்ப் உயிரை விட்டது அதே நெரிசலில், பம்பலப்பிட்டியில். அந்த இடத்தைத் தாண்டும்வரை காதைப் பின்பக்கமே வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாமா விட்டுப்போன 1990 டொயோட்டா ஹைலக்ஸ் கெப் (பிக்கப்), 22ஆர்-ஈ என்ற பெற்றோல் எஞ்சின். டீசல் கெப் நிறைந்த கொழும்பில் பெற்றோல் இன்ஜெக்‌ஷன் கெப்பைப் பார்த்தாலே பாதிக் கராஜில் கையை விரிப்பார்கள். எனக்கு இதை விற்க மனமில்லை.

முதல் பம்ப் போன காரணம் டேங்கைத் திறந்ததுமே தெரிந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வண்டி மாதக்கணக்கில் வெறும் டேங்கோடு நின்றது. க்யூஆர் முறையில் பெற்றோலைப் பங்கிட்டுத் தரத் தொடங்கிய பிறகும் அடியில் நாலைந்து லீற்றருக்கு மேல் இருந்ததில்லை. வெறும் டேங்கும் வெள்ளவத்தைக் கடற்காற்றும் சேர்ந்தால் உள்ளே துருதான். பம்பின் அடியிலுள்ள வலை செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. ரேடியேட்டர் பட்டறையில் டேங்கைக் கழுவிப் புது வலையும் போட்டேன்.

இரண்டாவது பம்ப் ஐந்து மாதம் ஓடியது. மூன்றாவது ஏழே வாரம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நான் சாமான் வாங்கும் கடைக்கார நானா, "தம்பி, இப்ப வாற சாமான் எல்லாம் இப்படித்தான்" என்றார். நானும் நம்பினேன். ஆனால் மூன்றாவதை வாளால் அறுத்துப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. வலை சுத்தம், உள்ளே துரு இல்லை. மோட்டர் சுழலியில் கரண்ட் ஏறும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டர் மட்டும் கறுத்துக் கருகிக் கிடந்தது. சாமானில்தான் பிழை என்றால் இரண்டு வேறு கடைச் சாமான் ஒரே மாதிரி ஏன் போக வேண்டும்?

ஒவ்வொரு தடவையும் கராஜ் பாஸ் (மெக்கானிக்) பம்ப் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்து, "12.4 காட்டுது, கரண்ட் சரி" என்பார். நானும் அப்படியே பார்த்து ஏமாந்தேன். கனெக்டர் கழன்றிருக்கும்போது வயரில் கரண்ட் ஓடவே இல்லை. கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு துரு இருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைத்தான் காட்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். மூன்று பம்ப் கொடுத்துக் கற்றுக்கொண்டது இது.

செய்தது இப்படி. சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்சின் பக்கத்தில் சோதனைக்கென்று இருக்கும் செக் கனெக்டரில் எஃப்.பி., பிளஸ் பி என்ற இரண்டு முனைகளையும் வயரால் இணைத்தால், எஞ்சினை ஓட்டாமலே பம்ப் ஓடும். பின்னால், டேங்குக்கு வெளியே உள்ள கனெக்டரின் முதுகுப் பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து மீட்டர் கிளிப்பை முதலே மாட்டிவிட்டேன். இணைக்கும்போது பறக்கிற தீப்பொறி முன்பக்கத்தோடு நிற்கட்டும், பெற்றோல் ஆவி இருக்கிற இடத்தில் வேண்டாம். பற்றரியில் 12.5. பம்பில் 8.9!

3.6 வோல்ட் எங்கே போனது? பற்றரி மைனஸிலிருந்து பழைய ஸ்பீக்கர் வயர் ஒன்றைப் பின்னால் வரை இழுத்தேன். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் மெல்லிய வயரே போதும். பம்பின் எர்த் வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 2.4. பிளஸ் பக்கம் 1.2. கணக்குச் சரி.

வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட அந்த எர்த் வயர் சேஸியில் போல்ட் போட்ட இடத்தைப் பிடித்தேன். மேலே பார்க்கப் பளபளப்பு, ஏனென்றால் யாரோ அதன் மேல் அண்டர்கோட் (வண்டியின் அடியில் அடிக்கும் பூச்சு) அடித்திருக்கிறார்கள். கழற்றினால் வயர் முனையிலுள்ள உலோக லக்குக்குக் கீழே துருத் தூள். பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் 2.4 வோல்ட் விழுவதற்கு அரை ஓம் போதும். ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்தேன், அகப்படவில்லை. மீட்டர் வயருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறதே.

வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், ஆனால் ரெகுலேட்டர் பிடித்து வைத்திருக்கும் அழுத்தம் குறையாது. மோட்டர் திணறும். தன் வழியே ஓடும் பெற்றோல்தான் அந்த மோட்டரைக் குளிர்விப்பது. ஓட்டம் குறைந்தால் சூடு ஏறும். டேங்கும் கால்வாசி என்றால் சொல்லவே வேண்டாம்.

உலோகம் தெரியச் சுரண்டி, புது லக் வைத்து, கிரீஸ் பூசி இறுக்கினேன். பிளஸ் பக்கம் புதிதாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, பழைய வயரை அதை இயக்க மட்டும் விட்டு, பற்றரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் ஒன்று பின்னால் கொண்டுபோனேன். இப்போது எர்த் பக்கம் 0.1, பம்பில் 12.1. ஓடும் சத்தமே வேறு.

பம்பிலிருந்து மேலே போகும் குட்டி ஹோஸுக்கு அலைந்ததுதான் பெரிய அலைச்சல். சாதாரண பெற்றோல் ஹோஸின் வெளிப்பக்கம் பெற்றோலில் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல, ஊதிப்போகும். டேங்குக்குள் போடுவதற்கென்றே ஜே30ஆர்10 என்று அச்சடித்த தனி வகை இருக்கிறது. எட்டுக் கடையில், "இதுவும் அதேதான்" என்று சாதாரண ஹோஸையே நீட்டினார்கள். மருதானைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் அந்த எழுத்து அச்சடித்த ஹோஸ் கிடைத்தது. மீதித் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்து அழுத்த மானி வாங்க வேண்டும். 40 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கிறதா, எஞ்சினை நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க ஆசை. பெற்றோல் முள்ளும் பொய் சொல்கிறது, டேங்க் மிதவையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ரிலேக்கு ஒரு பிராக்கெட் அடிக்க வேண்டும். இப்போது அது கேபிள் டையில் தொங்குகிறது. மழைக்குப் பொலித்தீன் சுற்றியிருக்கிறேன்.