போதகருக்கும் மீன்காரம்மாவுக்கும் ஒரே வெயில்

எடின்பரோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. படத்தில் இருப்பது யார், எங்கே எடுத்தது, எந்த வருஷம், தாள் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதவேண்டும், அப்புறம் படம் எடுக்கும் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து இணையத்துக்கு. எத்தனையோ பெட்டிகள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. ஆனால் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1843க்கும் 1847க்கும் இடையில் எடுத்த உருவப்படங்கள் வந்தால் மட்டும் எனக்கு வேலை மெதுவாகத்தான் ஓடும். ஒரு படத்தை எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

இந்தப் படங்கள் பிறந்ததே ஒரு திருச்சபைச் சண்டையில். ஸ்காட்லாந்து திருச்சபையில் ஓர் ஊருக்குப் போதகர் யார் என்று முடிவு செய்யும் உரிமை பல இடங்களில் அங்கிருந்த பெரிய நிலக்காரர் கையில் இருந்தது, சபையார் வேண்டாம் என்றாலும் அவர் காட்டிய ஆள்தான். பத்து வருஷம் இழுத்த அந்தத் தகராறு 1843 மே 18 அன்று எடின்பரோவில் கூடிய பொதுப்பேரவையில் உடைந்தது. தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் ஒரு கூட்டம் எழுந்து வெளியே நடந்து, கேனன்மில்ஸில் இருந்த டான்ஃபீல்டு மண்டபத்தில் சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கியது. சுமார் 450 போதகர்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வேலையையும் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் ஒன்றாக விட்டார்கள். (சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல்: பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1837இல் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் இந்தப் பிளவில் வெளியேறியவர்கள் பக்கம்தான் நின்றார்.)

பேரவை உடைந்ததை நேரில் பார்த்த ஹில் ஓர் ஓவியர். இந்த நிகழ்வைப் பெரிய ஓவியமாக வரைய நினைத்தார், ஆனால் ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான முகங்களை எப்படிப் பிடித்து வைப்பது? இயற்பியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர்தான் கேலோடைப் முறையில் படம் எடுக்கச் சொல்லி, அதைக் கற்றிருந்த இளைஞர் ஆடம்சனை அறிமுகம் செய்தார். ஓவியம் முடிந்தது 1866இல், இருபத்துமூன்று வருஷம் கழித்து. எனக்கு அந்த ஓவியம் பெரிதாகப் பிடிக்காது, நெருக்கியடித்த தலைகளாகத்தான் தெரிகிறது. அதற்குக் குறிப்புகளாக எடுத்த படங்கள்தான் உயிரோடு இருக்கின்றன.

கேலோடைப் என்றால் கண்ணாடியோ ஃபிலிமோ இல்லை, எழுதுகிற தாள்தான். அதில் வெள்ளி உப்புகளைப் பூசி நெகட்டிவ் எடுத்து, அதை வெள்ளி உப்பு பூசிய இன்னொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுப்பார்கள். தாளின் நார் எல்லாம் படத்தில் இறங்கிவிடும், அதனால் கண்ணிமை, சட்டைத் தையல் போன்ற நுணுக்கங்கள் மங்கும். அந்தக் கரடுமுரடுதான் கேலோடைப்பின் உயிர் என்ற கருத்தை ஹில்லே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிரதியைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும்.

இன்னொன்று, வெளிச்சம் நிறைய வேண்டும். அதனால் எடின்பரோவின் கால்டன் குன்றில் ஆடம்சன் இருந்த ராக் ஹவுஸ் வீட்டின் வெளிப்புறத்திலேயே மேசை, நாற்காலி, திரைச்சீலை, கனத்த புத்தகங்கள் எல்லாம் போட்டு எடுத்தார்கள். வாசிப்பறையில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும் போதகர் உண்மையில் வெட்டவெளியில் வெயிலில் இருக்கிறார். நிழலைக் கவனித்தால் தெரிந்துவிடும், கண் கூசாமலிருக்கப் பலரும் தலையைச் சற்றுத் தாழ்த்தியிருப்பார்கள். ஒரு நிமிஷமோ அதற்கு மேலோ அசையாமல் இருக்கவேண்டும். அதனால் நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கையைத்தான். அது எங்கே ஊன்றியிருக்கிறது? போதகர்களுக்குப் பெரும்பாலும் புத்தகமோ மேசை விளிம்போ இருக்கும். ஹென்றி கோபர்ன் மாதிரி அரசியலிலும் நீதிமன்றத்திலும் பேர்போனவர்களும் இந்த கேமராவுக்கு முன் வந்தார்கள். பத்திரிகை ஆசிரியராக இருந்த ஹியூ மில்லர் வந்தபோது மட்டும் சட்டைக்கையை மடித்து, தன் பழைய கல்தச்சு வேலைக்கருவிகளோடு ஒரு கல்லின்மேல் சாய்ந்து நின்றார். அவர் தன்னை யாராகக் காட்ட விரும்பினார் என்பது அந்த ஒரு படத்திலேயே இருக்கிறது.

எடின்பரோவுக்கு வடக்கே கடலோரத்தில் நியூஹேவன் என்ற மீனவர் ஊர். ஹில்லும் ஆடம்சனும் எடுத்த மீன்காரப் பெண்கள், படகோட்டிகள், அப்பாவின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் பையன், இவர்கள் எந்த ஓவியத்துக்கும் குறிப்பு அல்ல. இந்தப் படங்களைத் தனித் தொகுப்பாக வெளியிடுவதாக 1844இல் விளம்பரமே செய்தார்கள். இந்தப் பெண்களுக்குப் புத்தகமும் மேசையும் கிடையாது. ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் கை போட்டிருப்பாள், மூன்றாமவள் அவள் முதுகில் சாய்ந்திருப்பாள், அப்படி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் அசையாமல் நிற்கிறார்கள். படத்தின் அழகும் அங்கேதான் வருகிறது.

ஆனால் பதிவைத் திறந்தால் வேறு கதை. எனக்கு முன்னால் பல தலைமுறை எழுதி வைத்தவற்றில் போதகருக்குப் பட்டம், சபை, பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் இருக்கும். பக்கத்துப் படத்தில் "நியூஹேவன் மீன்காரி", அவ்வளவுதான். நியூஹேவன் போதகர் ஜேம்ஸ் ஃபேர்பேர்ன் மீன்காரப் பெண்களோடு இருக்கும் படங்களில் இது இன்னும் உறுத்தும். ஒரே சட்டத்துக்குள் எல்லோரும் சமமாகத்தான் இருக்கிறார்கள், பெயர் மட்டும் ஒருவருக்கு. எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் போன்ற சிலரின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன, அதற்காக உழைத்த ஆய்வாளர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நான் மனதார நன்றி சொல்வேன்.

ஊர்க்காரர் என்றதும் ஒரு பெரியம்மா நினைவுக்கு வருகிறார். நியூஹேவன்காரர், அவருடைய பாட்டி கூடை சுமந்து எடின்பரோ தெருக்களில் மீன் விற்றவராம். படத்தைப் பார்த்ததும் கூடையின் பட்டை நெற்றியில் எப்படிப் பிடிக்கும், ஏறுமேட்டில் கழுத்து எந்தப் பக்கம் வலிக்கும் என்று எழுந்து நின்று செய்தே காட்டினார். பாவாடையை ஏன் அடுக்கடுக்காகச் செருகியிருக்கிறார்கள் என்றும் சொன்னார், சுமையை இடுப்பில் தாங்கத்தான். நான் அழகுக்காக என்று நினைத்துப் பார்த்த மடிப்பு வேலைக்கான மடிப்பு. அன்றிலிருந்து மீனவர் படம் எது வந்தாலும், பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, கூடை, பட்டை, கை இருக்கும் இடம், யார் யாரைத் தொட்டிருக்கிறார் என்பதை எல்லாம் எழுதிவிடுகிறேன். போதகருக்கு எத்தனை வரியோ இவர்களுக்கும் அத்தனை வரி. நேரமாகிறது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், ஆகட்டும்.

ஆடம்சன் 1848 ஜனவரியில் இறந்தபோது வயது 26. நாலரை வருஷக் கூட்டு அத்தோடு முடிந்தது. அதற்குள் இருவரும் சுமார் 3,000 படங்கள் எடுத்துவிட்டார்கள். அவற்றில் 1845இல் எடின்பரோ வந்த ஓஜிப்வே இனத்துப் போதகர் பீட்டர் ஜோன்ஸும் இருக்கிறார், காக்கேவாக்குவோனாபி என்பது அவருடைய சொந்தப் பெயர். வட அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரைக் காட்டும் மிகப் பழைய புகைப்படங்களில் அவருடைய படங்களும் சேரும். கோட்டு போட்டும் படம் எடுத்துக்கொண்டார், தன் இனத்து உடையிலும் எடுத்துக்கொண்டார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எடின்பரோவில் தேசிய உருவப்பட அரங்கத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது, கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்திலும் நிறைய உண்டு. வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் அசல்களை எப்போதும் மாட்டி வைக்கமாட்டார்கள், போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். வர முடியாதவர்கள் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கையிலிருந்து தொடங்குங்கள்.