பள்ளி நூலகத்தை மீட்டெடுத்த அனுபவம்

எங்கள் பள்ளி நூலகத்தின் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பூட்டிய அலமாரிகளும், வந்துசேரும் நூல்களுக்கு எண் இட்டு எழுதிவைக்கும், பாதியில் நின்றுபோன நூற்சேர்க்கைப் பதிவேடு ஒன்றும், சாவிக்கொத்துமே கைக்கு வந்தன. நூலகப் பயிற்சி எதுவும் பெறாத அறிவியல் ஆசிரியை நான். புதிய நூல்கள் வாங்குவதற்குப் பட்டியல் எழுதுவதே முதல் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் இருப்பது என்னவென்று தெரியாமல் வாங்கத் தொடங்கினால், உள்ளதையே மீண்டும் வாங்குவோம் என்று மூத்த நூலகர் ஒருவர் எச்சரித்தார். அவர் சொன்னபடியே இருப்புச் சரிபார்ப்பில் இறங்கினோம். ஒருவர் நூலைத் திறந்து சேர்க்கை எண்ணை வாசிக்க, மற்றொருவர் பதிவேட்டில் குறியிட்டார். முடித்துப் பார்த்தபோது, பதிவேட்டில் இருந்த நூல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அலமாரியில் இல்லை. அலமாரியில் இருந்த பல நூல்களோ பதிவேட்டிலேயே ஏறியிருக்கவில்லை.

அடுத்து வந்த வேலை நூல்களைக் கழிப்பது. எனக்கு மிகக் கடினமாக இருந்ததும் அதுதான். கரையான் அரித்தவற்றையும் பக்கங்கள் உதிர்ந்தவற்றையும் எடுத்துவைப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. நல்ல கட்டமைப்போடு, பளபளப்பான படங்களோடு இருக்கும் நூலைக் கழிக்க வேண்டும் என்றபோதுதான் ஆசிரியர் அறையில் எதிர்ப்பு எழுந்தது. புத்தகத்தைத் தூக்கிப் போடுவது பாவம் என்றே சிலர் வருந்தினர். எனக்கும் அந்த உணர்வு உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் செயல்திட்டத்தில் சூரியனைச் சுற்றி ஒன்பது கோள்களை வரைந்து வந்து, திருத்தச் சொன்னபோது, “நம்ம லைப்ரரி புத்தகத்துல அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு?” என்று அந்தப் பக்கத்தையே விரித்துக் காட்டினான். 2006-ஆம் ஆண்டிலேயே புளூட்டோ குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டுவிட்டது. அந்த நூலை நம்பிய பிள்ளை மீது எந்தத் தவறும் இல்லை. அதை அலமாரியில் விட்டுவைத்த எங்கள் மீதுதான் தவறு. 1991-இல் கலைந்துபோன சோவியத் ஒன்றியத்தை ஒரே நாடாகக் காட்டிய நிலப்படத் தொகுப்பும் அதே அடுக்கில் இருந்தது.

அதன்பின் தலைமையாசிரியரின் அனுமதியோடு மூவர் குழு அமைத்தோம். அறிவியல், மருத்துவம், கணினி, நிலப்படம் ஆகியவற்றில் பதிப்பாண்டைக் கண்டிப்பாகப் பார்த்தோம். கதை, கவிதை நூல்களை வயதைக் காரணம் காட்டித் தொடவில்லை. கிழிந்து தைக்க முடியாதவை மட்டுமே போயின. வேறெங்கும் எளிதில் கிடைக்காத பழம்பதிப்புகளைத் தனி அலமாரிக்கு மாற்றினோம். கழித்த ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் காரணமும் தேதியும் எழுதி மூவரும் கையொப்பமிட்டோம். இதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த ஆண்டு அந்த நூலைத் தேடுபவருக்கு நம் நினைவு உதவாது, பதிவேடுதான் உதவும்.

வகைப்படுத்த, நூல்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும், 1876-இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பைப் பின்பற்றினோம். அறிவியலுக்கு 500, இலக்கியத்துக்கு 800, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் 900 என்று பெரும் பிரிவுகள் எளிதாகவே பிடிபட்டன. சிக்கல் நாட்டுப்புறக் கதைகளில் வந்தது. அவற்றுக்குரிய 398.2 என்ற எண் சமூக அறிவியல் பிரிவில் விழுகிறது. பிள்ளைகளோ கதைப்புத்தக அடுக்கில்தான் அவற்றைத் தேடினர், கிடைக்காமல் திரும்பினர். எண்ணை மாற்றாமல், அந்த நூல்களின் இடத்தை மட்டும் கதை அடுக்கின் பக்கத்திற்கு மாற்றினோம். விதிப்படி அடுக்கு வரிசை குலைகிறது என்பது உண்மைதான். ஆயினும் நூலகம் யாருக்காக இருக்கிறதோ அவர்கள் தேடும் வழியில் நூல் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகே வாங்கும் பட்டியலுக்கு வந்தோம். வழங்கல் பதிவேட்டைப் பார்த்தால் எவை அதிகம் இரவல் போகின்றன என்பது தெரியும். கேட்டும் கிடைக்காதவை எவை என்பது தெரியாது. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்று இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த விதியை நிறைவேற்ற, அந்த இரண்டாவது விவரம்தான் வேண்டும். ஆகவே வழங்கல் மேசையில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டி வைத்து, தேடிக் கிடைக்காததைப் பெயர் போடாமல் எழுதலாம் என்றோம். பாம்பு, கால்பந்து, படம் வரையக் கற்றுக்கொள்வது என்று வந்த வரிகளுக்கிடையே, பென்சிலால் சிறிய எழுத்தில், ‘அம்மா இல்லாத பொண்ணு கதை, சோகமா முடியக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பதிப்பகத்தின் விலைப்பட்டியலும் அப்படி ஒரு தலைப்பில் நூல்களை அடுக்குவதில்லை. இரண்டு வாரம் தேடி, நானே முழுவதும் படித்துப் பார்த்து, மூன்று நூல்களைத் தேர்ந்தெடுத்தேன். யாருக்கென்று சொல்லாமல் புதுவரவு அடுக்கில் வைத்தேன். மூன்றும் வெவ்வேறு கைகளுக்குப் போய்வந்தன.

நன்கொடையாக வரும் நூல்களையும் இப்போது அந்த நோட்டோடு ஒப்பிட்டே ஏற்கிறோம். பொருந்தாதவற்றை நன்றி சொல்லித் திருப்பிவிடுகிறோம். கேட்ட நூல் வந்ததும் பிள்ளைகளே அந்த வரியை அடித்துவிடுகிறார்கள். இந்த மாதப் பக்கத்தில் ஆறு வரிகள் இன்னும் அடிபடாமல் இருக்கின்றன.