மவுண்ட் மெக்ரெகர்: ஜெனரல் கிராண்ட் எழுதி முடித்த வீடு

நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸுக்கு வருகிறவர்கள் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு, ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் வடக்கே போய் மலையேறினால் யுலிசிஸ் கிராண்ட் உயிர்விட்ட மரவீடு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரை வடக்குத் தரப்புக்கு வென்று தந்த தளபதி. 1869 முதல் 1877 வரை ஜனாதிபதி. அவரைப் புரிந்துகொள்ள எந்தப் போர்க்களத்தையும்விட இந்த வீடுதான் உதவும் என்பேன்.

உள்ளே இரண்டு தோல் நாற்காலிகள் எதிரெதிராகப் போடப்பட்டிருக்கின்றன. தொண்டைப் புற்றுநோயால் அவரால் படுக்க முடியவில்லை. ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் காலை நீட்டித்தான் இரவெல்லாம் கழித்திருக்கிறார். வலிக்குக் கொடுத்த கோகெய்ன் தண்ணீர் புட்டியும் அங்கேயே இருக்கிறது. இறுதிச் சடங்குக்கு வந்த மலர் அலங்காரங்கள் பழுப்பேறிக் காய்ந்து, இன்னும் உருக்குலையாமல் நிற்கின்றன. அவர் இறந்த நேரத்தில் மகன் ஃபிரெட் நிறுத்திய கடிகாரம் 8.08 காட்டுகிறது.

இந்த நிலையிலும் தன் நினைவுக் குறிப்பை ஏன் எழுதினார்? பணத்துக்காகத்தான். 1884-ல் கூட்டாளி ஃபெர்டினாண்ட் வார்டின் மோசடியால் நிதி நிறுவனம் திவாலாகி, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. பெரும் செல்வந்தர் வாண்டர்பில்டிடம் வாங்கிய 1,50,000 டாலர் கடனுக்குப் போர் வாள்களையும் பரிசுகளையும் கொடுத்துவிட்டார். மனைவி ஜூலியாவுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே! புத்தகத்தை வெளியிட எழுத்தாளர் மார்க் ட்வைன் முன்வந்தார். குரல் போனபிறகு, சொல்ல நினைத்ததையெல்லாம் பென்சிலால் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார் கிராண்ட்.

வாழ்க்கையில் விழுவது அவருக்குப் புதிதில்லை. 1854-ல் ராணுவத்தை விட்டு விலகி, செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றவர். அப்புறம் இல்லினாய்ஸ் மாநிலத்துக் கலீனாவில் அப்பாவின் தோல் கடையில் வேலை. அதே மனிதர்தான் 1863-ல் மிசிசிப்பி ஆற்றங்கரைக் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்கைப் பிடித்தார். அடுத்த ஆண்டே வடக்குப் படைகள் முழுவதற்கும் தலைமை ஏற்றார்.

அந்த நினைவுக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. தானே போரிட்ட மெக்சிகோ யுத்தத்தை, பலசாலி நாடு பலவீனமான நாட்டின் மேல் நடத்திய மிக அநியாயமான போர்களில் ஒன்று என்று எழுதுகிறார். உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவின் கோல்ட் ஹார்பரில் நடத்திய கடைசித் தாக்குதலுக்காக என்றுமே வருந்தியதாகச் சொல்கிறார். வர்ஜீனியாவின் அப்பொமாட்டொக்ஸில் தெற்குத் தரப்புத் தளபதி லீ சரணடைந்தபோது, எதிரியின் வீழ்ச்சியில் தனக்கு மகிழ்ச்சி வரவில்லை என்கிறார். பசித்திருந்த லீயின் வீரர்களுக்கு அன்று உணவும் கொடுத்தார். சொந்தக் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோகவும் அனுமதித்தார். ஆனால் 1862 டிசம்பரில் தன் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்றச் சொல்லித் தான் போட்ட உத்தரவைப் பற்றி மூச்சு விடவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 காலையில் இறந்தார். புத்தகம் ஜூலியாவுக்குச் சுமார் 4,50,000 டாலர் சம்பாதித்துக் கொடுத்தது. இருவரின் சமாதியும் மன்ஹாட்டனில், ரிவர்சைட் பூங்காவின் 122-வது தெருப் பக்கம் இருக்கிறது. மலைவீடு குளிர்காலத்தில் வழக்கமாகத் திறந்திருக்காது. கோடையிலோ இலையுதிர் காலத்திலோ திட்டமிட்டு, நாள் விசாரித்துக்கொண்டு போங்கள்.