கம்பி அந்துபோச்சுன்னா

"கம்பி அந்துபோச்சுன்னா கைகாட்டி எப்படில நிக்கும்?"

பாளையங்கோட்டையில் நம் பௌதிக சார்வாளிடம் படித்த யாருக்கும் இந்தக் கேள்வி மறந்திருக்காது. திருச்செந்தூர் ரயில் லைன் கைகாட்டியைச் சொல்வார். கம்பியை இழுத்தால்தான் கை இறங்கி வண்டிக்கு வழிவிடும். கம்பி அறுந்தால் எதிர்ப்பக்கத்து எடை கையைத் தூக்கிவிடும், வண்டி நின்றுவிடும். கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெடுவதற்கு 'ஃபெயில்-சேஃப்' என்று பெயர். அதையே தலைப்பாக வைத்து யூஜின் பர்டிக்கும் ஹார்வி வீலரும் 1962இல் எழுதிய நாவலை அவர் பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரிதான் படிப்பார்.

கதை இதுதான். அடையாளம் தெரியாத ஒரு புள்ளி ரேடாரில் தெரிகிறது. அமெரிக்க அணுகுண்டு விமானங்கள் குறித்த இடம் வரை போய்க் காத்திருக்கின்றன. அது வழிமாறிய பயணிகள் விமானம் என்று தெரிந்ததும் எல்லாரையும் திருப்புகிறார்கள். இதற்குள் ஒரு கருவியில் கண்டென்சர் என்கிற சின்ன மின்பாகம் எரிந்து, ஆறு விமானங்களுள்ள ஓர் அணிக்கு மட்டும் 'போ' என்ற குறியீடு போய்விடுகிறது. ரஷ்யர்கள் ரேடியோவை அடைத்திருப்பதால் விமானிகள் கேட்டு உறுதிசெய்யவும் வழியில்லை. கடைசியில் மாஸ்கோ அழிகிறது. அதற்கு ஈடாக, நியூயார்க்கின் மேல் குண்டு போடும்படி அமெரிக்க ஜனாதிபதியே உத்தரவிடுகிறார்.

கண்டென்சருக்கு சார்வாள் மார்க் போடமாட்டார். எரிந்துபோன பாகத்தால் சிக்னல் நிற்கும், சிதறும். சரியான ரகசியக் குறியீடு அதிலிருந்து எப்படிப் பிறக்கும்? நிஜ விமானப்படையில் இருந்ததும் கைகாட்டி விதிதான்: 'போ' வராவிட்டால் விமானம் தானே திரும்பவேண்டும். நாவலின் கெட்டியான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. எல்லைப் புள்ளியைத் தாண்டிய விமானி எந்தக் குரலுக்கும் கீழ்ப்படியக் கூடாது. ஜனாதிபதியின் குரலிலேயே எதிரி பேசக்கூடும் என்பது காரணம். ஏமாறாமல் இருக்கப் போட்ட இந்த விதி பிசகாமல் வேலை செய்ததால்தான் ஜனாதிபதி கூப்பிட்டும் விமானம் திரும்பவில்லை.

ஆனாலும் கண்டென்சரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1980 ஜூன் 3 அன்று அமெரிக்க எச்சரிக்கைத் திரைகளில் முதலில் 2 ஏவுகணை, பிறகு இன்னும் பெரிய எண்ணிக்கை என்று வந்தது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கொலராடோ மலைக்குள்ளிருந்த கணினி நிலையம் ஓயாமல் சோதனைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி நிஜ எச்சரிக்கையின் அதே படிவம். ஏவுகணை எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம். 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் கெட்டு, பூஜ்யங்கள் இருந்த இடத்தில் அங்கங்கே 2 விழுந்துவிட்டது. செய்தி பழுதாகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணை யாரும் சேர்த்திருக்கவில்லை. குண்டு விமானங்களின் எஞ்சின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ரேடாரையும் செயற்கைக்கோளையும் நேரடியாகப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியாததால் அத்தோடு நின்றது. சோதனைச் செய்திக்கு வேறு படிவம் வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு இன்னும் இறுக்கம். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரமோஸ் ஏவுகணை சில நிமிஷங்களில் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. ஏவுகணைச் சோதனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல 2005இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தம், எறிந்த கல்போல உயரப் போய் விழும் பாலிஸ்டிக் வகைக்கு மட்டும். பிரமோஸோ விமானம் மாதிரித் தாழப் பறக்கும் குரூஸ் வகை. வெடிமுனை இல்லாததால் தப்பித்தோம்.

இப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுத நினைப்பவர் அமெரிக்கக் குண்டு விமானங்களின் தலைமையகம் இருந்த ஒமாஹாவுக்குப் போகவேண்டாம், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்துக்குப் போனால் போதும். 1990இலிருந்து அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை; அதுவும் கடல்நீருக்குள் பத்து இருபது மீட்டர்தான் இறங்கும். குரல் அனுப்ப முடியாது, மெதுவாக எழுத்துக் குறிதான். கீழே இருக்கிற கப்பலால் அதே அலையில் திருப்பிப் பேசவும் முடியாது; அதற்கு நிலையத்தில் இருப்பது மாதிரி உயரமான கோபுரம் வேண்டும். வேறு வழியில் பேசினால் இருக்கிற இடம் வெளியே தெரிந்துவிடும். ஆகவே ஒரு நாள் செய்தி வராமல் போனால், மேலே கோபுரம் பழுதா, ஊரே இல்லையா என்று கப்பல் தலைவனே முடிவு செய்யவேண்டும். அவனுடைய கைகாட்டி அப்போது எப்படி நிற்கவேண்டும் என்பதுதான் முதல் அத்தியாயம்.